ஓசியில் வந்த பியானோ

1

போன வாரம் ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். "எண்ணே, அங்க மரத்துல பொன்னா காய்க்கு?" என்று நக்கலாகக் கேட்டான். "பொன்னு காய்க்காதுலே. புல்லுல சோபா முளைக்கும்" என்றேன். "சும்மா அளக்காதியும்" என்று வைத்துவிட்டான். அவன் நம்பாவிட்டால் போகட்டும். நீங்களாவது கேளுங்கள்.

நான் இராஜாக்கமங்கலத்துக்காரன். மெல்பர்னுக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை தெருவில் நடந்துபோகிறேன். ஒரு வீட்டு முன்னால் புல்தரையில் சோபா, ரெண்டு நாற்காலி, குழந்தைத் தொட்டில், ஒரு மேசை விளக்கு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் போலிருக்கு, அதான் சாமானை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம்ம ஊரில் அதுக்குத்தானே அப்படிப் போடுவோம்? வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அடப்பாவமே, நனைந்தால் சோபா போச்சே என்று போய் மணியடித்தேன்.

கதவைத் திறந்தவரிடம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மழை வருது, சாமானை உள்ளே எடுத்துவைக்க ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு வேணுமா? எடுத்துக்கோ."

"எவ்வளவு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

நிஜமாகச் சொல்கிறேன், அந்த சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தேன். ஒரு கிழிசல் இல்லை, ஒரு கறை இல்லை. அதில்தான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

பிறகுதான் விவரம் பிடிபட்டது. இங்கே வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை நகராட்சி லாரி வந்து பெரிய சாமான்களை அள்ளிக்கொண்டு போகும். அதுக்கு முந்தின நாட்களில் வேண்டாததை எல்லாம் வாசலில் வைத்துவிடுவார்கள். வைத்ததை வேறு யாரும் எடுக்கக்கூடாது என்று நகராட்சித் தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். எடுக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

இது போக, போனில் ஒரு குழு உண்டு. சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டாததைப் படம் எடுத்துப் போடுவார்கள். முதலில் கேட்பவருக்கு, அல்லது கொடுப்பவருக்குப் பிடித்தவருக்கு. ஒருதரம் ஒரு அலமாரியின் படத்துக்குக் கீழே 'நல்ல வீட்டுக்கு இலவசம்' என்று போட்டிருந்தது. வீடு நன்றாக இருக்கிறதா என்று ஆள் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்து, சுபாவும் நானும் அரை நாள் தரையைத் தேய்த்துக் கழுவினோம். சுபா என் மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அங்கேயும் தரை, இங்கேயும் தரை என்று அன்றைக்கு எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஒருத்தரும் பார்க்க வரவில்லை.

நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். வாடகை வீடு. சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்க்க வேண்டுமென்றால் கையில் வருவது வெளியே போகக்கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் கட்டில் ஓசி, ஃபிரிட்ஜ் ஓசி, சைக்கிள் ஓசி, மழைக்கோட்டு ஓசி. பிறந்தநாளைக்கு ஓசிக் காப்பி தரும் கடைகள் எனக்கு மனப்பாடம். நூலகத்தில் புத்தகம் மட்டுமில்லை, தையல் மிஷின்கூடக் கடன் தருவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொன்னதே நான்தான். ஞாயிற்றுக்கிழமை குமரி மாவட்டத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் ஒன்றுகூடுவோம். அங்கே என் பேரே 'ஓசி அண்ணாச்சி'. எனக்கு அதில் ஒரு வெட்கமும் கிடையாது. பெருமைதான்.

ஊரில் என் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எதை வாங்கினாலும் கொசுறு உண்டு. பருப்பு வாங்கினால் ஒரு இணுக்கு கருவேப்பிலை, பிள்ளைகள் வந்தால் ஒரு துண்டு கருப்பட்டி. ஆனால் யாராவது வாய்விட்டுக் கேட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. "தந்தா வாங்கிக்கிடணும். கேட்டு வாங்கப்பிடாது" என்பார். எங்களையும் அப்படித்தான் வளர்த்தார். நானும் என் மகள் அபியை அப்படியே வளர்த்தேன். கிடைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும், அது வேணும் இது வேணும் என்று கேட்கப்பிடாது. பிள்ளை அப்படியே வளர்ந்தாள். பதின்மூன்று வயது ஆகிறது. கடையில் ஒரு மிட்டாயைக் கைகாட்டினாளா? இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் எவ்வளவு தங்கமான பிள்ளை என்பார்கள். நானும் ஆமா ஆமா என்று தலையாட்டுவேன்.

3

ரெண்டு வருஷத்துக்கு முன் வாசல் சாமான்களுக்கு நடுவே ஒரு கீபோர்டு கிடைத்தது. நீளமானது, தாங்குகால் எல்லாம் உண்டு. 'வேலை செய்யும்' என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு வந்து பிளக்கைச் சொருகி ஒரு கட்டையை அழுத்தினேன். ணங் என்று பேசியது. "எங்கன இருந்து கிட்டுச்சு?" என்று சுபாவே அசந்துபோனாள்.

பள்ளிக்கூடத்தில் பியானோ வகுப்புக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். போனில்தான் ஓசியில் எல்லாப் பாடமும் இருக்கிறதே? அபி அதைப் பார்த்தே படித்தாள். பள்ளி விட்டு வந்தால் அதுக்கு முன்னால்தான் உட்காருவாள். அவளிடம் ஒரு விசேஷம் உண்டு. வாசித்துக்கொண்டே வரும்போது, நடுநடுவே வாயாலும் பாடுவாள். முழுசாகப் பாடமாட்டாள், அங்கங்கே ஒரு சொட்டு, இங்கே ஒரு சொட்டு. நான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். "எம் மக்க கையிலயும் வாசிப்பா, வாயிலயும் வாசிப்பா. சந்தோசம் தாங்காம பாட்டு வந்துரும் கேட்டியளா!"

4

ஒரு வெள்ளிக்கிழமை குழுவில் ஒரு படம் வந்தது. பியானோ. கீபோர்டு இல்லை, மரப் பியானோ, தேன் நிறத்தில். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. கீழே எழுதியிருந்தது இதுதான்: இலவசம். ஞாயிறு மாலை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் திங்களன்று உடைத்துக் குப்பைக்குப் போய்விடும். வாசிக்கப்போகிறவர் நேரில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் படத்தை அபியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "உடைச்சிருவாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு வெப்ராளம், ஒரு தவிப்பு. "எப்படியும் கொண்டுவந்துருவோம் மக்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் போனோம். வீட்டுக்காரி ஐரின். எண்பது வயதிருக்கும், கைத்தடி ஊன்றி நின்றார். வீட்டை விற்றாயிற்று, முதியோர் இல்லத்தில் அறை தயார், அங்கே பியானோவுக்கு இடமில்லை. எங்களுக்கு முன் மூன்று பேர் வந்து போய்விட்டார்களாம். ஒருத்தருக்கு வாசிக்கத் தெரியாது. ரெண்டு பேர் விற்பதற்கு வந்தவர்கள். "எனக்குக் கேட்டாலே தெரியும்" என்றார்.

அபி உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். பிள்ளை முதல் கட்டையை அழுத்தினாள். அம்மாடி! அது எங்கள் வீட்டு மிஷின் போடுகிற சத்தம் இல்லை. தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறியது. இவ்வளவு பெரிய சத்தம் ஒரு சின்ன விரலுக்குள் இருந்தா வருகிறது? நான் வாய் பிளந்து நின்றேன்.

அபி வாசித்துக்கொண்டே போனாள். வழக்கம்போல அங்கங்கே வாயாலும் பாடினாள். பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டாள். ஒரு கட்டையை மட்டும் திரும்ப அழுத்தினாள். இன்னொரு தரம். பிறகு பக்கத்தில் இன்னொன்று.

ஐரின் கேட்டார், "சில சுரத்தை மட்டும் ஏன் பாடுகிறாய்?"

அபி திரும்பி என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் சொன்னாள். "வீட்டில் ஒன்பது கட்டைகள் பேசாது. அந்த இடம் வரும்போது நான்தான் பாடுவேன். பாடாமல் விட்டால் பாட்டில் ஓட்டை விழும். இங்கே எல்லாம் பேசுகிறது."

எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. ரெண்டு வருஷம். ஒன்பது கட்டை. நான் தூக்கிக்கொண்டு வந்து ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தவன். ஊரெல்லாம் பெருமை அடித்தவன். ஞாயிறு தவறாமல் கூட்டத்தைக் கூட்டி, என் பிள்ளை வாயால் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்ததைச் சந்தோசம் என்று விற்றவன்.

ஐரின் கிட்டே வந்தார். பியானோவின் மூடியைத் தடவிக் கொடுத்தார். "நாளைக்கு நாலு மணிக்குள் எடுத்துப் போய்விடு" என்று என்னிடம் சொன்னார். அபியிடம், "இனி நீ வாயை மூடிக்கொண்டு வாசிக்கலாம்" என்றார்.

5

வெளியே வந்து ஒரு தெரு தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் மக்கா எனக்கிட்ட சொல்லல?"

"சும்மாதாம்பா."

"சும்மான்னா?"

"அன்னைக்கு உங்களுக்கு முதுகு வலி. ஆனா கீபோர்டைத் தோள்ல வச்சுச் சிரிச்சுட்டே வந்தீங்க." கொஞ்சம் நின்று சொன்னாள், "சொன்னா வேற தேடிப் போவீங்க. அப்புறம், கேக்கக்கூடாதுல்லா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று அழுகிற வழக்கம் எனக்கில்லை. மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பி நின்றேன். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்லாமல் சாப்பிடுகிற பிள்ளையைத்தான் வளர்த்திருக்கிறேன். என்ன வளர்ப்பு இது, சவம்!

6

பியானோ ஓசிதான், தூக்குகிற கூலி ஓசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒரே கம்பெனி கேட்ட தொகைக்கு ஊரில் ரெண்டு ஆடு வாங்கலாம். கொடுத்துத் தொலைப்போம் என்று முதல் தடவையாக நானே பர்ஸைத் திறந்தேன். ஆனால் அவர்களாலும் அன்றைக்கு ஆறு மணிக்கு மேல்தான் வரமுடியுமாம். நாலு மணிக்குச் சாவி போய்விடும். புது வீட்டுக்காரர் திங்களன்று உடைக்கச் சொல்லி ஆள் பேசி வைத்திருக்கிறார்.

தங்கதுரைக்குப் போன் போட்டேன். திற்பரப்புக்காரன், இங்கே கட்டட வேலையில் தச்சன். வந்து பியானோவைச் சுற்றிப் பார்த்தான். குனிந்து ஒரு மூலையை அசைத்துப் பார்த்தான்.

"என்ன கனம் இருக்கும்?" என்றேன்.

"கனத்த விடும் அண்ணாச்சி. தண்டு போட்டா எட்டுத் தோளு. அய்யா வாகனத்தவிடப் பெருசா இது?"

ஊரில் எங்கள் தாங்கலில் திருவிழாவுக்கு வாகனம் எடுப்போம். தாங்கல் என்றால் அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற இடம். நீளத் தண்டுகளில் வாகனத்தைக் கட்டி, தலைப்பாகை வைத்துக்கொண்டு, தோளில் ஏந்தி ஊர் சுற்றுவோம். நானும் பதினாறு வயதிலிருந்து தோள் கொடுத்தவன். தங்கதுரையும் அப்படித்தான். ஞாயிறு மத்தியானம் கூட்டத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் கிறிஸ்தவர்கள். "எங்க மாதா கோயில் திருவிழாவுல நாங்களும் சப்பரம் தூக்குனவங்கதான், தள்ளும்" என்று முன்னால் வந்து நின்றார்கள்.

தங்கதுரை கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டு ரெண்டு நீளச் சட்டம் கொண்டுவந்திருந்தான். பியானோவைக் கம்பளியால் போர்த்தி, அடியில் கயிறு கொடுத்து, குறுக்கும் நெடுக்கும் கட்டி, சட்டத்தில் தொங்கவிட்டான். ஒரே உயரக்காரர்களை நேருக்கு நேர் நிறுத்தினான். துவர்த்துத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டோம். ஐரின் வாசலில் நின்று பார்த்தார்.

"இப்படியா பியானோவைக் கொண்டுபோவீர்கள்?"

"நாங்கள் சாமியை இப்படித்தான் கொண்டுபோவோம்" என்றான் தங்கதுரை.

அவர் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தானும் வருவதாகச் சொன்னார்.

தூக்கினோம். "பைய... பைய... அடிய மாத்தி வையிங்கடே" என்று தங்கதுரை சொல்லிக்கொண்டே வந்தான். பத்தடி போனதும் ஒரு அதிசயம் நடந்தது. நாங்கள் கால் வைக்கும்போதெல்லாம் பியானோவுக்குள்ளிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். கம்பிகள் எல்லாம் ஒன்றாக முனகுகின்றன. தண்டு வழியாக அது தோள் எலும்பில் இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பின்னால் யாரோ தன்னை மறந்து "அய்யா சிவசிவா" என்று குரல் விட்டான். எல்லாரும் பெலமாகச் சேர்ந்துகொண்டோம், கிறிஸ்தவர்கள் உட்பட. நாங்கள் கத்தக் கத்த அந்தப் பெட்டி பதில் சொல்கிறது! பியானோ அப்படித்தான் செய்யும், எதிரே போடுகிற சத்தத்துக்குக் கம்பி அதிரும் என்று பிறகு அபி விளக்கினாள். இருக்கட்டும். அன்றைக்கு அந்தத் தெருவில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வீடுகளில் இருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கார்கள் நின்றன. ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், யாரோ இறந்துபோனதாக நினைத்திருப்பார். முன்னால் அபி, பின்னால் கைத்தடி ஊன்றி ஐரின். மூன்று தெருவில் நாலு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. ஓசியில் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். ஒரு பெரிய பொருளை ஒரு மனுஷி சும்மா கொடுப்பதும், எட்டுப் பேர் சும்மா தூக்குவதும், ஒரு தெருவே சும்மா நின்று வழிவிடுவதும் அன்றைக்குத்தான் பார்த்தேன். என்ன பெரிய மனசு இந்த உலகத்துக்கு!

நாலு மணி ஆக ஒரு மணி நேரம் இருக்கும்போது பியானோ எங்கள் வீட்டுச் சுவரோரம் நின்றது. சுபா எல்லாருக்கும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். ஐரின் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரெண்டாம் தரமும் வாங்கினார். அபி வாசித்தாள், வாயைத் திறக்காமல். ஐரின் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து, சாவி கொடுக்க நேரமாயிற்று என்று போனார். தங்கதுரை கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான்.

7

எல்லாரும் போன பிறகு அபியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"மக்கா, இன்னும் என்னென்னத்த எனக்கிட்ட சொல்லாம வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்பாக்கு ஒரு கோவமும் இல்ல. சொல்லு."

அவள் சுபாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பள்ளிக்கூட ஷூவை எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவும் குழுவில் கிடைத்ததுதான், புதுசு மாதிரி இருக்கிறதே என்று நான் துள்ளிக் குதித்து வாங்கியது. போட்டுக் காட்டு என்றேன். போட்டாள். பெருவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. கழற்றிப் பார்த்தால் ரெண்டு விரலிலும் காய்ப்பு ஏறியிருந்தது.

"எவ்வளவு நாளா?" சுபா கேட்டாள்.

"ஆறு மாசம் இருக்கும்."

சுபா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

திங்கட்கிழமை கிடங்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பள்ளி விட்டதும் அபியைக் கடைக்குக் கூட்டிப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஊர்ச் செருப்புக் கடைக்குள் நான் வாங்குவதற்கென்று நுழைந்தது அதுதான் முதல் தடவை. எது பிடிக்குதோ எடு என்றேன். அவள் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டை நான் கையால் மூடிக்கொண்டேன். கடைசியில் ஒன்றைத் தொட்டாள். கடைக்காரப் பெண் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அபி போட்டு எழுந்து நின்றாள்.

நான் தரையில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, ஷூவின் முனையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

"சரியா இருக்கா மக்கா?"

"சரியா இருக்குப்பா."

"நடந்து பாரு."

நடந்தாள். திரும்பி வந்தாள். "நல்லா இருக்கு" என்றாள், எதைக் கொடுத்தாலும் சிரிக்கிற அதே சிரிப்போடு.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு தரம் கேட்டேன். "உண்மையச் சொல்லு."

அபி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கடைக்காரப் பெண் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் முட்டுதுப்பா" என்றாள்.

"அடுத்த சைஸ் எடும்மா" என்று அந்தப் பெண்ணிடம் நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.